முகத்தை மட்டும் மறைத்தவள்

மக்கா,

போன வாரம் நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "செரி" என்ற ஒற்றைச் சொல்லோடு வைத்துவிட்டேன். கல்யாணம் பெண் வீட்டுச் சபையிலேயே நடக்கும், நம் சபையில் ஆராதனை நடுவில் கல்யாண ஓலை வாசிப்பதோடு சரி, மறுவீட்டுக்கு ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிடுவோம் என்றாய். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் "ஏன்லே, சொந்த ஊரும் சொந்த சபையும் உனக்குக் கசந்து போச்சோ?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள். எனக்கு அந்த உரிமை கிடையாது. ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி மரியாதையாக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தோம்.

இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். எழுதுவேன் என்று ஒருத்தியிடம் வாக்குக் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. தள்ளிப்போட ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. உனக்கு மட்டும் தனியாக எழுதி ஒட்டிவிடவும் எனக்கு மனசில்லை. நாலு பேர் நடுவில் உன்னைக் கெட்டவனாக்கிவிட்டு, காதோரத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆகையால் என் வகுப்புக்கு வரும் டாக்டர்களுக்கும் இதை வாசிக்கக் கொடுக்கப்போகிறேன். அதற்காகவே இதில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். லில்லி என்று நான் எழுதுகிறவளின் பெயர் லில்லி இல்லை. அவள் கை சுட்ட விதம், அவள் புருஷன் செய்யும் வேலை, ஊர் எல்லாமே வேறு. உனக்கு உண்மை தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம். நான் வாக்குக் கொடுத்ததும் அவளிடம்தான்; எழுதட்டுமா என்று முதலில் அவளையே கேட்டேன். "எனக்க கதைய எப்பிடி வேணும்னாலும் மாத்தி எழுதுங்கோ டாக்டரே. உங்க கதைய மட்டும் மாத்தண்டாம்" என்றாள். அதன்படிதான் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியாததல்ல, படம் எடுக்கும் பாதியை நீதான் செய்தாய். ஆனாலும் டாக்டர்கள் அல்லாதவர்களும் வாசிக்கலாம் என்பதால் சொல்கிறேன். தோலில் வரும் நோயை நுண்ணோக்கியில் பார்த்து இன்னதென்று சொல்வதுதான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்தது. ஓய்வு பெற்ற பிறகு தனுவச்சபுரத்து வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஊர்ப்புறத்து ஆஸ்பத்திரிகளில் இருக்கும் டாக்டர்களுக்கு கம்ப்யூட்டர் வழியாக வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கேஸ். முதலில் தோலின் படம், அப்புறம் நோயாளியின் கதை, அப்புறம் கேள்விகள், அப்புறம் ஸ்லைடு, கடைசியில் விடை. விடையை ஒளித்து வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சாதாரணத் தேமல் என்று வாசிக்கிறவனை முதலில் நம்பவைத்து, நடுவில் ஒரு சின்னத் தகவலை அலட்சியமாகப் போட்டுவிட்டு, கடைசியில் "அடடா, கண் முன்னாலேயே இருந்ததே" என்று தலையில் அடித்துக்கொள்ள வைக்கவேண்டும். அப்படி ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்ட டாக்டர் அந்த நோயைப் பிறகு தவறவிடமாட்டான்.

அந்தச் சின்னத் தகவலைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. மற்றவர்கள் எழுதும் கேஸ்களைப் பார்த்து, சப்பென்று இருக்கிறது, வயசும் ஆணா பெண்ணா என்பதும் தவிர மனுஷர் வாடையே இல்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பரிகாசம் பண்ணியிருக்கிறேன். "டாக்டர்மாருக்குக் கணக்கு மறந்துபோவும் மக்கா, கதை மறக்காது" என்பேன். நீ கேமராவைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவாய். என் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்ததும் கதைக்காகத்தான். ஆளுக்கு ஆள் பாராட்டப் பாராட்ட எனக்குத் தலை நிற்கவில்லை.

லில்லி நம் வீட்டுக்கு வந்தது அறுப்புப் பண்டிகை முடிந்த வாரம். சபையில் எந்த விருந்தானாலும் அடுப்படி அவள் கையில்தானே. அந்தப் பண்டிகைக்கு சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த உருளியின் மூடியை வெறும் கையால் தூக்கி, பக்கத்தில் நின்றவளோடு பேசி முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "எக்கா, கை கரியுது, மணம் வருது" என்று யாரோ கத்திய பிறகுதான் கீழே போட்டாளாம். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். லில்லிக்கு இரும்புக் கையாக்கும் என்று பந்தியில் பரிமாறும்போதெல்லாம் பேச்சு. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அடுத்த வாரம் கொப்புளம் ஆறாத விரல்களோடு வந்து நின்றபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

முன்னங்கையில் வெளிறிய ஒரு படை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் தேமல் என்று களிம்பு கொடுத்து, அவளும் மாசக்கணக்காகத் தேய்த்திருக்கிறாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொட்டேன். "தொட்டாச்சா டாக்டரே?" என்று கேட்டாள். தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் தொட்டேன். "எப்பம் தொடுவீங்கோ?" என்றாள். தொழுநோய் என்று எனக்கு அப்போதே தெரியும். ஊர் வாயில் குஷ்டம். அந்தச் சொல்லை நான் சொன்னதும் அவள் தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். மருந்து உண்டு, முழுசாகக் குணமாகும், மருந்து தொடங்கிவிட்டால் கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. "யாருக்கும் தெரியண்டாம்" என்று அவள் சொன்னதற்கும் "எனக்க வாயில் இருந்து போவாது" என்றேன். அந்தப் பொய் எனக்கு அப்போது தெரியவில்லை.

பயாப்ஸிக்குத் தோலில் ஒரு துணுக்கு எடுத்தோம். ஸ்லைடு வந்த அன்று நான் செய்தது உனக்கு நினைவிருக்கும். நரம்பைச் சுற்றி உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாக வளைத்துக்கொண்டு, நரம்பு இருந்த இடமே தெரியாமல் ஆக்கியிருந்தன. புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. "எலே, ஓடி வா, வந்து பாரு, எத்ர சுந்தரம்!" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது லில்லி அக்காக்க கைதானே?" என்றாய். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறியை எங்கே போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

படம் எடுக்க அவள் வந்த அன்று நீ நடந்துகொண்டதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊரில் யாருக்கும் அது தெரியாது. வளையல்களைக் கழற்றச் சொன்னாய், வளையலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று. பின்னால் நம் வீட்டு ஜன்னல் விழாமல் துணி கட்டினாய். எடுத்த ஒவ்வொரு படத்தையும் அவளிடம் காட்டி, "அக்கா, இது வச்சுக்கலாமா, அழிச்சிரவா?" என்று கேட்டாய். அவள் வேண்டாம் என்றதை அவள் கண் முன்னாலேயே அழித்தாய். கடைசியில் ஒப்புதல் தாளை நான் நீட்டினேன். முகம் தெரியாத படத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். கதையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் கதைக்கு யாரும் ஒப்புதல் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேஸை எழுதி முடித்து, படங்களைப் பக்கத்தில் பொருத்த உன்னிடம் தந்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, வயசைக் கூட்டிப் போட்டிருந்தேன். சின்னத் தகவலாக நான் நடுவில் வைத்தது என்ன தெரியுமா? "ஆலய விருந்துக்குச் சமைக்கும் இந்தப் பெண் கொதிக்கும் உருளியின் மூடியை வெறும் கையால் தூக்கிப் பேசிக்கொண்டு நின்றதை உறவினர்கள் வேடிக்கையாகச் சொல்கிறார்கள்." எழுதியபோது எனக்கு ஒரே சந்தோஷம். அந்த ஒரு வரியில் முழு நோயும் இருந்தது. நீ இரண்டு தடவை வாசித்தாய். பிறகுதான் சொன்னாய், "அம்மா, வளையல கழத்தச் சொன்னோம். இது வளையலவிட மோசம்லா? நம்ம ஊருல இது யாருன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. மூடிக்குப் பதிலா வேற என்னத்தையாவது போடுங்கோ."

நான் உன்மேல் பாய்ந்தேன். "கேஸ் எழுத என்னைய நீ படிப்பிக்காண்டாம். வாசிக்கப்போறது டாக்டர்மார், சந்தையில மீன் விக்கவங்க இல்ல" என்றேன். மீன் விற்கிறவர்களை ஏன் இழுத்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர்களில் யாரும் லில்லிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நீ "செரி" என்று சொல்லிப் படத்தைப் பொருத்திக் கொடுத்தாய். போன வாரம் நான் சொன்ன அதே "செரி"தான். உன்னிடமிருந்துதான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

வகுப்பு பிரமாதமாக நடந்தது. அதில் நம் சபையைச் சேர்ந்த ஒரு டாக்டர் பெண்ணும் இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "லில்லி அக்காக்கு அன்னைக்குக் கை சுட்டது எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் இருந்தவர்கள் கேட்டு, படத்தையும் போனில் வாங்கிப் பார்த்து, அது போனுக்குப் போன் தாவியது. முகமே இல்லாத ஒரு கை. நான் எழுதிய கதை கூடவே போனதால் அதற்கு முகம் தேவைப்படவில்லை. நான் முகத்தைத்தான் மறைத்திருந்தேன், ஆளைக் காட்டிக்கொடுப்பது கதை என்பது இத்தனை வருஷம் கேஸ் எழுதிய எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வாய்விட்டுப் பேசாமல் நடந்தது. அடுத்த சபை விருந்துக்கு, "லில்லிக்கு ரெஸ்ட் இருக்கட்டு, கை வய்யாதுல்லா" என்று பெண்கள் சங்கத்தில் அக்கறையாகப் பேசி அடுப்படியை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு அவளைக் கூப்பிடுவதும் நின்றது. திருவிருந்து நாளில் ஒரே கிண்ணத்துத் திராட்சரசத்தைத்தானே எல்லோரும் குடிப்போம். அவள் முழங்காலிட்ட வரிசையில் அவளுக்கு அடுத்த இடம் காலியாகவே கிடந்தது. போதகர் கிண்ணத்தோடு அந்த இடைவெளியைத் தாண்டிப் போவதை நான் என் இருக்கையிலிருந்து பார்த்தேன். எழுந்துபோய் அவள் பக்கத்தில் முழங்காலிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் ஏற்கெனவே வாங்கிவிட்டுத் திரும்பியிருந்தேன் என்று மனசுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த முறையிலிருந்து அவளே எல்லோரும் எழுந்த பிறகு கடைசி ஆளாகத் தனியாகப் போகத் தொடங்கினாள்.

அவள் புருஷன் தங்கராஜ் நம் வீட்டுக்கு வந்த சாயங்காலத்தைத்தான் நான் எழுதப் பயப்படுகிறேன். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார், சட்டையில் மரப்பால் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டாக்டரே, உங்கள ஒரு குத்தமும் சொல்ல வரல்ல. நீங்க இல்லைன்னா அவளுக்குக் கை போயிருக்கும். ஆனா படம் எடுத்தது உங்க மகன்லா. அவன்தான் கூட்டுக்காரன்மாருக்கு அனுப்பி, கதையும் சொல்லிக் களிச்சிருக்கான்னு ஆளுகள் பேசுது. நெசமாக்குமா?" என்று கேட்டார். நீ உள்ளே அடுத்த அறையில் இருந்தாய். கதவு திறந்துதான் இருந்தது.

"இல்லை, கதையை எழுதி வெளியே விட்டது நான்" என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. நான் சொன்னது, "மகன்கிட்ட கேக்கேன்" என்று. அவ்வளவுதான் மக்கா. அந்த இரண்டு சொல்லில் உன்மேல் பழி சுமத்தவும் இல்லை, உன்னைக் காப்பாற்றவும் இல்லை என்று நான் அப்போது கணக்குப் போட்டேன். தங்கராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. "கேளுங்கோ, சின்ன வயசுல்லா, தெரியாம செய்திருப்பான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் இரண்டுக்கும் நடுவில் ஒரு திறந்த கதவுதான் இருந்தது.

நீ வெளியே வந்து என்னைப் பார்த்து நின்றாய். "என்ட்ட என்னவோ கேக்கணும்னீங்களே, கேளுங்கோ" என்றாய். அப்போதாவது நான் அழுதிருக்கலாம், உன் கையைப் பிடித்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பிடிபட்டவர்களுக்கு முதலில் வருவது அதுதான் போலிருக்கிறது. "இப்பம் நான்னு சொன்னா பின்ன எனக்கிட்ட எவன் கையக் காட்ட வருவான்? வகுப்பு என்ன ஆவும்? நீ எப்பிடியும் பெங்களூருக்குப் போவப்போறவன்தானே. ரெண்டு வாரம் பேசுவினும், அடங்கிரும்" என்றேன். நீ உன் அறைக்குப் போனாய். போகப்போகிறவன் என்று நான் சொன்னேனே தவிர, பெங்களூரில் கிடைத்த வேலைக்குப் போவதா இங்கேயே ஸ்டுடியோ வைப்பதா என்று நீ முடிவு பண்ணியிருக்கவில்லை. நான்தான் முடிவு பண்ணிக் கொடுத்தேன்.

அதற்குள் ஞானஸ்நானத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் படம் எடுக்க உன்னைப் பேசியிருந்தவர்கள் ஒவ்வொருவராக, வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். உன் கேமரா முன்னால் நிற்க ஊர்ப் பெண்கள் யோசித்தார்கள். படத்தை ஒவ்வொன்றாகக் காட்டி அழிக்கவா என்று கேட்ட பையன் முன்னால்! நீ ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பெயர்தான் வரும் என்பதால் திறக்கவில்லை. பாறசாலையில் ரயில் ஏற்றிவிட நான் வந்தபோது, ஏதாவது சொல்லுவாய் என்று பார்த்தேன். "மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுங்கோ" என்றாய். நீ என்னை வைதிருந்தால்கூட அப்படித் தண்டித்திருக்க முடியாது.

நீ சின்னவனாக இருந்தபோது ஆலயத்து ஜன்னல் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்தாய். யாரும் பார்க்கவில்லை. நீயாக வந்து என்னிடம் சொன்னாய், நான் உன்னைக் கையோடு பிடித்துக்கொண்டுபோய் போதகர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தேன். நீ விக்கி விக்கி அழுதுகொண்டே சொன்னாய். திரும்பி வரும் வழியெல்லாம் நான் நிமிர்ந்து நடந்தேன், பிள்ளையை எப்படி வளர்க்கிறேன் பார் என்று. உன்னிடம் நான் கேட்டதில் கால்வாசியை என்னிடம் நான் கேட்டதில்லை. ஊருக்கு உபதேசம் என்று கேலியாகச் சொல்வோமே, அது என் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பைக் கேட்ட ஒரு டாக்டர் அம்பூரியிலிருந்து போன் செய்தார். களிம்பு எழுதிக் கொடுக்கப்போன ஒரு கிழவரின் தோளில், என் கேஸ் ஞாபகம் வந்து பஞ்சால் தொட்டுப் பார்த்தாராம், உணர்ச்சி இல்லையாம். "உருளி மூடிதான் டாக்டர் ஞாபகம் வந்தது" என்றார். பார்த்தாயா, அந்த வரி ஒருவரைக் காப்பாற்றிவிட்டது என்று நான் பல நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். மூடிக்குப் பதிலாக நீ சொன்ன மாதிரி வேறு எதைப் போட்டிருந்தாலும் அந்தக் கிழவர் தப்பித்திருப்பார் என்பது எனக்கும் தெரியும். அடுப்பங்கரைக் கரண்டி போதும், இஸ்திரிப்பெட்டி போதும். நான் மூடியை வைத்தது கதை ருசியாக இருந்ததால்.

நீ போன பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. ஒருநாள் லில்லி வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், நீ தடுத்தாய், நான் கேட்கவில்லை, தங்கராஜ் கேட்டபோது மழுப்பினேன். தங்கராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். லில்லி அசையவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன், என் மகன்மேல் பிழை இல்லை என்று சொல்லப்போகிறேன் என்றேன். எனக்கே என் குரல் நன்றாகத்தான் கேட்டது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க மகனுக்க பேரு வெளுக்கணும்னு என்னைய ரெண்டாமதும் அவிய முன்ன நிறுத்தப்போறீங்களோ? இப்பம்தான் பேச்சு கொஞ்சம் அடங்கியிருக்கு. உங்களுக்கு அழுது தீக்கணும்னா வீட்டுல இருந்து அழுங்கோ" என்றாள்.

மக்கா, அதனால்தான் ஊரில் உன் பெயரை என்னால் துடைக்க முடியவில்லை. உன்னைத் துடைத்தால் அழுக்கு மறுபடியும் அவள்மேல் போகும். உன்மேல் சந்தேகம் சொன்னவர்களில் எனக்குத் தெரிந்தவர்களிடம் ஒவ்வொருவராக, "அது அவன் இல்ல, நானாக்கும். இதுக்குமேல கேக்காதீங்கோ" என்று சொல்லி வருகிறேன். சிலர் நம்புகிறார்கள். சிலர், பெற்ற வயிறு, பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாள் என்கிறார்கள். அந்தக் கேஸை அழித்துவிட்டேன், வகுப்பில் ஏன் என்றும் சொன்னேன். இனி எழுதுகிற கேஸை அந்த நோயாளிக்கு முதலில் வாசித்துக் காட்டாமல் வெளியே விடுவதில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. வீடு பற்றி எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற வேலைதான் இது.

கல்யாணம் கட்டப்போகிறாய், உனக்கு ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்றால் எனக்கு இதுதான் தெரியும். உன் வீட்டுக்கு வருகிறவள் என்றாவது ஒருநாள் தன்னைப் பற்றி எதையாவது உன்னிடம் மட்டும் சொல்லுவாள். சிரிப்பான விஷயமாகக்கூட இருக்கும். அவள் பெயரைச் சொல்லாமல், ஊரைச் சொல்லாமல், நாலு பேர் சிரிக்க அதை எடுத்துவிடத் தோன்றும். எடுத்துவிடாதே. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர்களிடம் இந்த ஆசை அதிகம், என் ரத்தம் உன்னிடமும் கொஞ்சம் ஓடுகிறது. உன் அம்மாவைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் தாராளமாகச் சொல், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இனி இன்று காலையில் நடந்தது. உன் போன் வந்த மறுநாளே மறுவீட்டு விருந்துக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு கேட்டரிங்காரரைப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். இன்று காலையில் லில்லி வீட்டுக்குப் போய், மகனுக்குக் கல்யாணம், மறுவீட்டு அன்று கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டேன். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினாள். கை நன்றாகியிருக்கிறது, படை மங்கிவிட்டது, மருந்தும் முடிந்துவிட்டது. "சந்தோசம் டாக்டரே. வாறேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "சமைக்கவா, சாப்பிடவா?"

நான் யார்? அந்தக் கிருமி எதில் பரவும், எதில் பரவாது என்று ஒரு தலைமுறை டாக்டர்களுக்குப் பாடம் நடத்தியவள். அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டால் ஒரு மண்ணும் வராது என்று இந்த ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள். அப்படிப்பட்ட எனக்கு, சமையலுக்கு ஆள் தேடியபோது அவள் பெயர் மனசில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லை, அவள் சொன்ன நிபந்தனைப்படி என் கதையை மாற்றாமல் சொல்கிறேன்: எட்டிப் பார்த்தது. பெண் வீட்டார் சாப்பிடாமல் எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நானே அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவள் கேட்டு முடித்த பிறகும் நான் கேட்டரிங்காரரை, முன்பணத்தை, பெண்ணின் அப்பா முகத்தை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான், "சமைக்கத்தான் லில்லி, நீ வந்து சமைக்கணும்" என்றேன்.

பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். "வேண்டாம் டாக்டரே. நான் சமைக்க வரல்ல, சாப்பிடவும் வரல்ல. உங்களுக்குப் பதில் சொல்ல எத்ர நேரம் ஆவுதுன்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். சாயா போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

வந்ததும் நெய்யாற்றின்கரைக்குப் போன் செய்து ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே உன் மறுவீட்டுக்கு இந்த வீட்டில் இப்போது சமைக்க யாரும் இல்லை. நீ அன்று சாயங்காலமே திரும்பிப்போ, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள் வந்து லில்லி அக்காவை நீ கூப்பிடு. நான் இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள், அது சரிதான். நீ கூப்பிட்டால் வரக்கூடும். சமைக்கவா சாப்பிடவா என்று உன்னிடமும் கேட்பாள். எதை வேண்டுமானாலும் சொல் மக்கா, யோசிக்காமல் சொல்.

உன் அம்மா